தொட்டியில் ஒரு கஞ்சாச் செடி: குடும்பத்துக்கு ஆகுமா?



துளசி வைக்கிற தொட்டியில் கஞ்சா விதையை ஊன்றி, மாடியிலோ உள் அறையில் மின்விளக்குப் போட்டோ வளர்க்கும் பழக்கம் சில நகரங்களில் தலைகாட்டியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு கொச்சியை அடுத்த காக்கநாட்டில், அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் கஞ்சாச் செடி வளர்த்ததாக ஓர் இளைஞரும் ஓர் இளம் பெண்ணும் கைதானார்கள்.

"வெளியில வாங்கினாத்தானே வம்பு? நம்ம வீட்டுக்குள்ளே, நமக்கு மட்டும் ஒரே ஒரு செடி. யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. வைத்திக்குப்பம் போல வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் கடற்கரைக் குப்பத்திலும், தோட்டம் துரவு உள்ள கிராமத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். நஷ்டம் செடி வைத்தவரோடு நிற்காது. மனைவி மக்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-இல் வந்தது. கஞ்சாச் செடியை அனுமதியின்றி வளர்ப்பது அதன் 20-ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவல். 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கையில் கஞ்சா வைத்திருந்தால் 1 கிலோ வரை "சிறிய அளவு" என்று கணக்கு உண்டு, தண்டனையும் குறையும். செடி வளர்ப்பதற்கு அப்படிச் சின்னது பெரியது என்ற கணக்குக் கிடையாது.

இன்னொன்றையும் தம்பதியர் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் தெரிந்தே இடம் கொடுத்தால், 25-ஆம் பிரிவின்படி அவருக்கும் அதே தண்டனை. பட்டா மனைவி பேரில் இருந்து, அவர் தெரிந்தே விட்டு வைத்தால், வழக்கில் அவரும் சேரக்கூடும். அம்மா அப்பா இருவரும் கோர்ட்டுக்கு அலைந்தால் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார்?

"இலைக்கும் விதைக்கும் சட்டம் இல்லையாமே?"

இது பாதி உண்மை. பூந்தலை சேராமல் தனியே இருக்கும் இலையும் விதையும் சட்டம் சொல்லும் "கஞ்சா"வில் சேராது. விதையை உணவுப் பொருளாக விற்கவும் 2021 முதல் விதிமுறை இருக்கிறது. ஆனால் விதையைத் தின்பது வேறு, அதை முளைக்கப் போட்டுச் செடியாக்குவது வேறு. செடி எழுந்துவிட்டால் அது வளர்ப்புக் குற்றம்.

"கனடாவில வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம்னு தம்பி சொன்னான்" என்பார்கள். ஒன்டாரியோவில் 2018 முதல் வயது வந்தவர்கள் வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம் என்பது மெய்தான். அது அந்த ஊர்ச் சட்டம். புதுச்சேரிக்காரர்களின் உறவினர் பலர் வாழும் பிரான்சில் இன்றும் அது குற்றம். நம் ஊரில் பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-இல் முடிந்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுவதற்கும் பொது.

"வீட்டுச் சரக்கு கலப்படம் இல்லாதது" என்பது சரியா?

கலப்படம் இல்லாமல் இருக்கலாம். போதை இல்லாமல் இருக்காது. போதைச் சத்து செடியிலேயே, அதிலும் பெண் செடியின் பூந்தலையில், ஊறி இருக்கிறது. அதன் வீரியம் எவ்வளவு என்று பார்த்தோ முகர்ந்தோ சொல்ல முடியாது.

வாரம் ஒருமுறை தேடிப் போனவருக்கு, கைக்கெட்டும் தூரத்தில் செடி இருந்தால் தினப்படி ஆவது எளிது. கஞ்சா புகைப்பவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். இளம் வயதில் தொடங்கினால் ஆபத்து இன்னும் கூடும். சுவீடனில் ராணுவத்துக்கு வந்த சுமார் 45 ஆயிரம் இளைஞர்களை 15 ஆண்டு கவனித்து 1987-இல் வெளியான ஆய்வில், 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களிடம் மனச்சிதைவு நோய் 6 மடங்காகக் காணப்பட்டது. கடலில் படகு ஓட்டுபவருக்கும் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கும் கை கால் ஒரு நொடி பிந்தினாலே உயிருக்கு ஆபத்து.

குழந்தை வேண்டுபவர்களுக்கு

டென்மார்க்கில் 1,215 இளைஞர்களைப் பரிசோதித்து 2015-இல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களின் விந்தணுச் செறிவு 28 சதவிகிதம் குறைவாக இருந்தது. "குழந்தை தங்கலியே" என்று மனைவியை மட்டும் குறை சொல்லும் வீடுகளில் இதை யோசிக்க வேண்டும்.

கர்ப்பிணி கஞ்சா உட்கொண்டால் போதைச் சத்து நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். எடை குறைந்து பிறக்க வாய்ப்பு அதிகம். பால் கொடுக்கும் தாய் உட்கொண்டால் 6 நாள் வரைகூடத் தாய்ப்பாலில் தெரிந்திருக்கிறது. மசக்கை வாந்திக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு வேறு நல்ல மருந்து இருக்கிறது, நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இன்னும் எச்சரிக்கை தேவை. குழந்தை கஞ்சாவைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் மயக்கமும் தள்ளாட்டமும் வரும். மூச்சு மந்தமாகவும் கூடும். வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். நடந்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வீட்டில் செடியைப் பார்த்தால்

1. கணவர் போதையில் இருக்கும் நேரத்தில் பேச வேண்டாம். தெளிந்த பிறகு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பேசுங்கள்.

2. செடியைப் பக்கத்து வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ மாற்றாதீர்கள். அவர்களையும் சிக்க வைத்ததாகும்.

3. உங்கள் நிலத்தில் யாரோ வளர்த்தது தெரிந்தால் போலீசுக்குத் தகவல் தர வேண்டியது நில உரிமையாளரின் கடமை.

4. சட்ட யோசனை தேவையா? வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

5. அடி உதை என்று வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 112 எண்ணைக் கூப்பிடுங்கள்.

பழக்கத்தை விட முடியுமா?

முடியும். நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். அந்த நாட்களில் வீட்டார் குத்திக் காட்டாமல், நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்து, கூட இருந்தாலே பாதி மருந்து. மீதிக்குக் கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் பிடிக்குமோ?" என்ற பயம் பலரைத் தடுக்கிறது. கஞ்சா உபயோகித்ததற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையை முழுதும் முடிக்க வேண்டும். செடி வளர்த்த குற்றத்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. ஆகவே செடி வைக்கும் யோசனை வருமுன் சிகிச்சைக்கு வாருங்கள்.

தொட்டி காலியாக இருந்தால் கீரை விதை போடுங்கள். பிள்ளைகளுக்குக் குழம்பாவது ஆகும்.

போதையில்லாத வீடே நலமான குடும்பம்!