'புஷ்பா' சித்தூரில் இருந்து எதை எடுத்தது, எதை விட்டது?

ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அல்லு அர்ஜுனை இப்போ இந்தியா முழுக்கத் தெரியும். அவர் நடக்கிற அந்தக் கதையின் ஊரோ வேலூரைத் தாண்டினா வந்துவிடும்: சித்தூர், திருப்பதி வட்டாரம். 'புஷ்பா' (2021), 'புஷ்பா 2' (2024) இரண்டும் அந்த ஊரை எப்படிக் காட்டின?

பேச்சு: தெலுங்கு சினிமா ஹீரோ என்றால் பெரும்பாலும் கடலோர ஆந்திரத் தெலுங்குதான் பேசுவார். தமிழ் வாடை அடிக்கும் சித்தூர் பேச்சை ஹீரோவுக்கே கொடுத்தது 'புஷ்பா'. அதில் நடித்ததற்கு அல்லு அர்ஜுனுக்கு 2023-ல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. சிறந்த நடிகர் விருது வாங்கிய முதல் தெலுங்கு நடிகர் அவர்தான். ஆனா இந்தி, தமிழ் டப்பிங்கில் இந்தப் பேச்சு வராது. படம் எவ்வளவு தூரம் போனதோ, அவ்வளவு தூரம் சித்தூர் போகல.

திருவிழா: இரண்டாம் பாகத்தில் அவர் புடவை கட்டி ஆடுவது திருப்பதி கங்கம்மா ஜாத்திரை. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரனை கங்கம்மா தினம் ஒரு வேஷத்தில் தேடிப்போய்க் கொன்றாள் என்பது ஊர்க் கதை. அதனால்தான் ஆண்கள் பெண் வேஷம் போட்டு நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். ஊரே சேர்ந்து போடும் வேஷம் அது. படத்தில் ஒரு ஹீரோவின் வேஷமாகிவிட்டது.

காடு: செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். சேஷாசலம் அதில் முக்கியமான காடு. படத்தின் காட்டுக் காட்சிகள் பலவும் எடுக்கப்பட்டதோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கோதாவரி பக்கத்து மாரேடுமில்லியில்.

கூலி: நமக்கு நெருக்கமான விஷயம் இதுதான். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரித்தது.

புஷ்பாவும் கூலியாகத்தான் தொடங்குகிறான். பிறகு சிண்டிகேட்டையே பிடிக்கிறான். நிஜத்தில் ஏஜென்ட் கூப்பிட்டு மலையேறும் கூலிக்கு அப்படி ஏணி எதுவும் இல்லை. மாட்டினால் ஜெயில், இல்லையென்றால் அடுத்த லோடு. படத்தில் தமிழ்நாட்டுக்காரராக நினைவில் நிற்பவர், சரக்கு வாங்கும் சென்னை முருகன்.

ஒரு ஊரின் பேச்சும் சாமியும் இவ்வளவு தூரம் போனது நல்ல விஷயம்தான். மரம் வெட்டப் போனவர்களின் கதைக்கு இன்னும் அந்த இடம் கிடைக்கல.