கடல்வளம் பேணும் நெய்தல் மகளிர்

நோன்பு திறக்கும் மாலைப்பொழுதில் நம் இல்லங்களில் பரிமாறப்பெறும் இனிப்புகளுள் கடற்பாசியும் ஒன்று. பாலோடு காய்ச்சி, ஆறவைத்து, வில்லைகளாக நறுக்கி உண்ணும் அப்பண்டத்தின் சுவையை அறியாதார் நம்மிடையே இலர். ஆயின், அதற்கு மூலமான ‘அகர்’ என்னும் பொருள் கடலில் வளரும் செம்பாசி இனங்களிலிருந்து எடுக்கப்படுவது என்பதையும், அத்தகைய பாசிகளைத் தமிழகக் கடலில் மூழ்கிச் சேகரிப்போர் பெரும்பாலும் பெண்களே என்பதையும் அறிந்தோர் சிலரே. ஒரு வளத்தை நம்பி வாழ்வோரே அதனைக் காக்கவும் வல்லவர் என்பதற்கு அம்மகளிர் தக்க சான்றாவர்.

சங்க இலக்கிய நெய்தற் பாடல்களில், மீன் உணக்குவோராகவும், அதனைக் கவர வரும் புள் ஓட்டுவோராகவும், உப்பு விற்போராகவும் மகளிரைக் காண்கிறோம். அவர்கள் உழைத்தது கரையில். இன்றைய இராமநாதபுரம் மாவட்டக் கடலோர மகளிரோ கடலுக்குள்ளேயே இறங்கி உழைக்கின்றனர்.

பாசி எடுக்கும் முறை

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களின் மகளிர் மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதிகளில் பாசி எடுக்கின்றனர். சேலைமேல் சட்டை அணிந்து, கண்களுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகின்றனர். பாறைகளின் கூர்முனைகளால் கைகால்களில் காயம் படுவது இத்தொழிலில் இயல்பு. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தருவன. கட்டக்கோரை எனப்படும் பழுப்புப்பாசி ‘அல்ஜின்’ தருவது. இவை உணவு, மருந்து, துணி அச்சிடல் ஆகிய தொழில்களுக்குப் பயன்படுகின்றன. 1960களிலிருந்து இது வணிகத் தொழிலாக வளர்ந்தது.

சட்டமும் வாழ்வும்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986இல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப்பாறைகளும் கடற்பசுக்களும் வாழும் அப்பகுதியைக் காத்தல் இன்றியமையாதது. அதில் இருவேறு கருத்திற்கு இடமில்லை. ஆனால், அதுவரை தடையின்றிப் பாசி எடுத்துவந்த மகளிர், ஒருநாளில் அத்துமீறி நுழைவோர் ஆயினர். எடுத்த பாசி பறிமுதல் செய்யப்பெற்றதும் தண்டம் விதிக்கப்பெற்றதும் உண்டு. பாசி சுரண்டும் உலோகக் கருவிகள் பவளப்பாறைகளைச் சிதைக்கின்றன என்பது அவர்கள்மேல் கூறப்பட்ட குறை. அக்குறையில் உண்மை இல்லாமலும் இல்லை.

தாமே வகுத்த நெறி

குறையை மறுத்துப் பேசுவதோடு அம்மகளிர் நின்றுவிடவில்லை என்பதே இங்குப் போற்றத்தக்கது. அவர்கள் கூடிப் பேசித் தமக்கெனச் சில விதிகளை வகுத்துக்கொண்டனர். உலோகக் கருவியை விடுத்துக் கையால் மட்டுமே பாசி பறித்தல் முதல் விதி. இதனால் பாறை சிதைவதில்லை. பாசியின் அடிப்பகுதி பாறையிலேயே நிற்பதால் அது மீண்டும் தழைக்கின்றது. மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே எடுத்தல் இரண்டாம் விதி. எஞ்சிய நாள்கள் பாசி வளர்வதற்கு விடப்படுகின்றன. மீன்கள் இனம் பெருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் 45 நாள்கள் கடலில் இறங்காதிருத்தல் மூன்றாம் விதி. நாட்கூலி போல அன்றன்று கிடைக்கும் வருவாயைக் கைவிட்டு ஏற்ற கட்டுப்பாடு இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இம்முயற்சியில் முன்னின்ற சின்னப்பாலத்து இலட்சுமி அவர்களுக்கு, அமெரிக்காவிலுள்ள ‘சீகாலஜி’ என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டிற்கான தன் பரிசை வழங்கிச் சிறப்பித்தது.

நம் கடமை

பரிசு பெருமை தரும், உரிமை தராது. கடலைக் காக்கும் திட்டங்கள் தீட்டப்பெறும் அவைகளில் அக்கடலை நாளும் தொட்டறியும் மகளிர்க்கும் இடம் வேண்டும். எந்தப் பாறையில் பாசி அருகிற்று, எந்த நீரோட்டத்தில் மீண்டது என்பதை அவர்களின் கைகள் அறியும். காவலர்களாகத்தக்கவர்களைக் குற்றவாளிகளாக நடத்தினால் கடலுக்கும் நன்மையில்லை, மக்களுக்கும் நன்மையில்லை.

தமிழ் பயிலும் மாணவ மாணவியர்க்கு ஒரு வேண்டுகோள். பாசிகளின் பெயர்கள், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனும் காற்றுகளின் குணங்கள், நீர்மட்டம் ஏறி இறங்கும் நிலைகள் ஆகியவற்றைக் குறிக்கும் வளமான சொற்கள் கடலோர மக்களின் நாவில் வாழ்கின்றன. விடுமுறைக் காலங்களில் அவ்வூர்களுக்குச் சென்று அவற்றைக் கேட்டுத் தொகுப்பீராக. அச்சொற்களைத் தொகுக்கும்போது, கடலைக் காக்கும் அறிவையும் உடன் தொகுத்தவர் ஆவீர். அடுத்த முறை கடற்பாசியைச் சுவைக்கும்போது, பாசி பறிக்க மூச்சடக்கி மூழ்கும் அக்கைகளையும் நினைத்துப் பார்ப்போமாக!