ஜவ்வு ஆபரேஷன் முடிந்தும் கால்மேல் நம்பிக்கை வரவில்லையா? முழங்காலின் தொலைந்த உணர்வு திரும்புவது எப்படி?

2016 ரியோ ஒலிம்பிக். மல்யுத்தக் காலிறுதியில் சீனாவின் சுன் யானனுடன் மோதிக்கொண்டிருந்த வினேஷ் போகத், முழங்காலில் அடிபட்டு வலியில் துடித்தார். ஸ்ட்ரெச்சரில்தான் அவரை வெளியே கொண்டு சென்றார்கள். அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பயிற்சி எனக் காலம் ஓடியது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே சுன் யானனை வீழ்த்தித் தங்கமும் வென்றார். 2023 ஆகஸ்ட்டில் மீண்டும் முழங்கால் ஜவ்வில் காயம், மீண்டும் அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கினார்.

விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வரும் பிரச்னை அல்ல இது. கபடி ஆடும் கல்லூரி மாணவர், பைக்கிலிருந்து சறுக்கி விழுந்தவர், மாடிப்படியில் கால் பிசகிய இல்லத்தரசி எனப் பலருக்கும் முழங்கால் ஜவ்வு கிழிகிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. டாக்டர் காலை இழுத்துப் பார்த்து, 'ஜவ்வு டைட்டாக இருக்கிறது' என்கிறார். ஆனாலும், படி இறங்கும்போது கால் மடங்கிவிடுமோ என்று பயம். மேடு பள்ளத்தில் நடக்கும்போது ஒரு தடுமாற்றம். வீட்டில் இருப்பவர்களோ, 'எல்லாம் மனப்பிரமை' என்கிறார்கள்.

அது மனப்பிரமை அல்ல. கயிறு போன்ற ஜவ்வைச் சரிசெய்துவிட்டாலும், அதற்குள் இருந்த நரம்புகளின் உணர்வு அன்றே திரும்பிவிடுவதில்லை.

ஜவ்வுக்குள் ஒரு சென்சார்

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காக இணைக்கும் இரண்டு ஜவ்வுகளில் முன்பக்கம் இருப்பதுதான் ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், அளவுக்கு மீறித் திரும்பாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஏ.சி.எல். ஜவ்வுக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. ஜவ்வு எவ்வளவு இழுபட்டிருக்கிறது, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஒரு வகை முனை சொல்லும். அசைவு சட்டென்று தொடங்குவதையும் நிற்பதையும் இன்னொரு வகை கவனிக்கும். ஜவ்வு அதன் எல்லைக்கு இழுபடும்போது எச்சரிப்பது மூன்றாவது வகை. வலியைச் சொல்லும் முனைகள் தனி. மனிதர்களின் ஏ.சி.எல். ஜவ்வில் நரம்புத் திசுக்களின் பங்கு சுமார் 1 சதவிகிதம்தான் என்கிறது 1987-ல் வெளியான ஆய்வு. அளவில் சிறியது, ஆனால் வேலை பெரியது.

கரன்ட் போன இரவில் நம் வீட்டு மாடிப்படியில் இறங்குகிறோம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் கால் சரியான இடத்தில் ஊன்றுகிறது. மூட்டு, தசை, தோல் ஆகியவற்றிலிருந்து மூளைக்குப் போகும் தகவல்தான் காரணம். 'மூட்டு நிலை உணர்வு' என்று இதைச் சொல்லலாம். ஜவ்வு கிழியும்போது இந்தத் தகவல் வழிகளில் ஒன்று அறுந்துபோகிறது.

புது ஜவ்வு... ஆனால் மௌனம்!

கிழிந்த ஏ.சி.எல். ஜவ்வைப் பெரும்பாலும் அப்படியே தைப்பதில்லை. நோயாளியின் உடலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். தொடையின் பின்பக்கத் தசைநாண், முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநாண் ஆகியவை அதிகம் பயன்படுகின்றன. இதற்குப் பெயர் கிராஃப்ட்.

எடுத்த நொடியிலேயே அந்தத் தசைநாணுக்கு ரத்த ஓட்டமும் நரம்புத் தொடர்பும் துண்டிக்கப்பட்டுவிடும். முழங்காலுக்குள் வைத்த பிறகு அதிலிருக்கும் பழைய செல்கள் இறக்கின்றன. பிறகு, சுற்றியுள்ள திசுக்களிலிருந்து புதிய ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைகின்றன. புதிய செல்கள் குடியேறி, நார்களை மெல்ல மெல்ல மாற்றி அமைக்கின்றன. தசைநாண், ஜவ்வாக மாறும் இந்த வேலை முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிராஃப்ட் மிகவும் பலவீனமாக இருப்பது ஆபரேஷன் அன்று அல்ல. ஏறக்குறைய 6 முதல் 12 வாரங்கள் வரையிலான காலத்தில்தான். வலி குறைந்து, வீக்கம் வடிந்து, 'இனி நமக்கு ஒன்றுமில்லை' என்று நாம் நினைக்கும் நேரமும் அதுவே. உள்ளே பலமும் குறைவு, எச்சரிக்கும் நரம்பும் இல்லை.

நரம்பு திரும்ப முளைக்குமா?

முளைக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல.

ஜப்பானைச் சேர்ந்த மிட்சுவோ ஓச்சி குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, பிறகு சிறுதுளை கேமரா மூலம் முழங்காலைப் பார்க்கும்போது, புது ஜவ்வை மின்தூண்டல் கொடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சிக்னல் மூளையை எட்டுகிறதா என்று தலையில் பொருத்திய கருவியில் பதிவு செய்தார்கள். புது ஜவ்விலிருந்து சிக்னல் மூளைக்குப் போவது தெரிந்தது. அதாவது, ஒரு காலத்தில் தொடையில் இருந்த தசைநாண், முழங்கால் ஜவ்வாக மூளையுடன் பேசத் தொடங்கியிருந்தது.

கிழிந்த ஜவ்வின் மிச்சத்தில் நரம்பு முனைகள் எவ்வளவு அதிகமோ, மூட்டு நிலை உணர்வும் அவ்வளவு நன்றாக இருந்தது என்றது 2002-ல் வந்த இன்னொரு ஜப்பானிய ஆய்வு. அதனால்தான் சில அறுவை சிகிச்சை நிபுணர்கள், பழைய ஜவ்வின் நல்ல பகுதியை முழுவதும் சுரண்டி எடுக்காமல் விட்டுவைத்து, அதை ஒட்டியே கிராஃப்ட்டைப் பொருத்துகிறார்கள். மிச்சம் எந்த அளவு, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துதான் இது சாத்தியம். ஆபரேஷனுக்கு முன்பு உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

ஜவ்வு டைட்... ஆனால் திருப்தி?

1991-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு சொல்வது சுவாரஸ்யமானது. ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி எவ்வளவு திருப்தியாக இருக்கிறார் என்பது, டாக்டர் கையால் இழுத்துப் பார்க்கும் சோதனையோடு பெரிதாக ஒத்துப்போகவில்லை. மூட்டு நிலை உணர்வு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதோடுதான் ஒத்துப்போனது. கால்மேல் வரும் நம்பிக்கைக்கு உடலில் ஓர் அடிப்படை இருக்கிறது.

மூளையும் தன் பங்குக்கு மாறுகிறது. ஏ.சி.எல். காயம் பட்டவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், காலை அசைக்கும்போது பார்வை தொடர்பான மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. முழங்காலிலிருந்து வர வேண்டிய தகவல் குறைவதால், கண்ணைக் கொண்டு மூளை சமாளிக்கிறது. காலைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது சரியாக இருக்கும். யாராவது கூப்பிட்டுத் திரும்பினாலோ, பந்தைப் பார்த்து ஓடினாலோ தடுமாறும்.

பயிற்சிதான் வழி

நரம்பு தானாக முளைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற ஜவ்வுகள், மூட்டு உறை, தசைகள், பாதத்தின் தோல் எல்லாமே மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. அவற்றை இன்னும் கூர்மையாக்குவதுதான் பிசியோதெரபியின் பெரிய பங்கு. பொதுவாகப் பயிற்சிகள் இந்த வரிசையில் போகும்.

* முதல் வாரங்கள்: வீக்கத்தைக் குறைப்பது, முழங்காலை முழுவதும் நீட்டுவது, தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கித் தளர்த்துவது. ஆபரேஷனுக்குப் பிறகு இந்தத் தசை 'தூங்கிவிடும்'. அதை எழுப்புவதே முதல் வேலை.
* அடுத்த கட்டம்: சுவர் அல்லது மேஜையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பது. பிறகு பிடிக்காமல். பிறகு தலையணை போன்ற மெத்தென்ற பரப்பில்.
* அதற்கும் பிறகு: கண்ணை மூடி நிற்பது, நின்றபடி பந்தைப் பிடிப்பது. பார்வையை நம்பியிருக்கும் மூளையை மூட்டின் பக்கம் திருப்பும் பயிற்சிகள் இவை. அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.
* கடைசியில்: குதித்து இறங்குவது, ஓடும்போது சட்டெனத் திசை மாற்றுவது.

எந்த வாரத்தில் எதைத் தொடங்கலாம் என்பது ஆபரேஷன் வகை, கூடவே நடந்த சிகிச்சை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். வீடியோ பார்த்து நாமாகத் தொடங்கக் கூடாது. உங்கள் பிசியோதெரபிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்பது மாதப் பொறுமை

'ஆறு மாசம் ஆச்சு, மேட்ச்சுக்கு வந்துடு' என்று அழைக்கும் நண்பர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு இது. 2016-ல் வெளியான டெலாவேர்-ஆஸ்லோ ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மீண்டும் முழங்கால் காயம் படும் விகிதம் 51 சதவிகிதம் குறைந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு, விளையாட்டுக்குத் திரும்பிய 25 வயதுக்கு உட்பட்டவர்களில் 23 சதவிகிதத்தினருக்கு மீண்டும் ஏ.சி.எல். காயம் பட்டதைக் காட்டியது. ஆபரேஷன் செய்த கால் மட்டுமல்ல, மற்ற காலும் இந்தக் கணக்கில் அடக்கம்.

காலண்டர் மட்டும் போதாது. தொடைத் தசையின் பலமும், ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் குறைந்தது 90 சதவிகிதம் வர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். வினேஷ் போன்றவர்களின் வேகத்தோடு ஒப்பிட்டு ஏங்கவும் வேண்டாம். அவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சிதான் முழுநேர வேலை.

தோல் மரத்துப் போனால்?

பலரைப் பயமுறுத்தும் இன்னொரு விஷயம், தழும்பைச் சுற்றியும் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகவும் தோல் மரத்துப்போவது. கிராஃப்ட் எடுக்கும் இடத்தில் செல்லும் சிறிய தோல் நரம்பு பாதிக்கப்படுவதால் இது வருகிறது. நடையையோ கால் பலத்தையோ இது பாதிக்காது. மரத்த பகுதி மாதங்கள் போகப்போகச் சுருங்கலாம். சிலருக்குச் சிறிய இடம் மட்டும் நிரந்தரமாக மரத்திருக்கும்.

ஆனால் காய்ச்சல், தையலில் நீர் வடிதல், திடீர் வீக்கம், கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசரச் சிகிச்சைக்கே போக வேண்டும்.

அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது, 'ஜவ்வு டைட்டாக இருக்கிறதா?' என்பதோடு நிறுத்தாமல், 'என் பேலன்ஸையும் கால் பலத்தையும் சோதித்துப் பார்க்கிறீர்களா?' என்றும் கேளுங்கள். மீண்டும் ஓடலாமா, வேண்டாமா என்பதற்கான பதில் அந்தச் சோதனையில்தான் கிடைக்கும்.