ஓசையின்றி ஒளி பறிக்கும் நோய்

கண்ணில் வலியில்லை, பார்வையும் தெளிவு என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றியே வருகிறது. பார்வை நரம்பைச் சிதைத்து, முதலில் பக்கப் பார்வையைப் பறிக்கிறது. நேர்ப்பார்வை நெடுநாள் எஞ்சுவதால் நோயாளி உணர்வதில்லை.

தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதை எட்டிய 5,150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. இந்நோயின் முக்கிய வகையால் பாதிக்கப்பட்டோரில் 10க்கு 9 பேருக்கும் மேல் அதனை அறியாமலேயே இருந்தனர்!

கண் அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகவே நரம்பையும் பக்கப் பார்வையையும் சேர்த்தே சோதித்தல் வேண்டும். 1991இல் அறிமுகமான ஓ.சி.டி. முறை, நரம்பிழைப் படலம் மெலிவதை ஒளிக்கதிரால் அளந்து காட்டுகிறது.

இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ காக்க இயலும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின், இன்றே பரிசோதனைக்குச் செல்லுங்கள்.