தெறிவினை

சுடுகலத்தை அறியாது தொட்டவன் கையை வெடுக்கென இழுத்துக்கொள்கிறான். நோவை உணர்வது அதன் பின்னரேயாம். மூளையின் ஆணைக்குக் காத்திராது நிகழும் இத்தகைய செயலே தெறிவினை எனப்படும்.

முழங்கால் உதறலில் இதனைத் தெளிவாகக் காணலாம். 1875ஆம் ஆண்டில் ஏர்ப், வெஸ்ற்பால் என்னும் செர்மானிய மருத்துவர் இருவர் தனித்தனியே இதனை விவரித்தனர். முழங்காற் சில்லின் கீழுள்ள தசைநாணைத் தட்டியதும் தொடையின் முன்புறத் தசை சற்றே நீள்கிறது. அந்நீட்சியை அத்தசையிலுள்ள வாங்கிகள் உணர, கணத்தாக்கம் புலன் நரம்பின் வழியே முண்ணாணை அடைகிறது. அங்கே ஒரேயொரு நரம்பிணைப்பைக் கடந்து, இயக்க நரம்பின் வழியே அதே தசைக்கு மீள்கிறது. இவ்வழியே தெறிவில் ஆகும். முன்தசை சுருங்க, அதற்கு எதிரான பின்தசை தளர்கிறது. இவ்வொழுங்கினை ஆராய்ந்து விளக்கிய செரிங்ரன் 1932இல் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார்.

இவ்வுதறல் வெறும் வேடிக்கையன்று. தெறிவில் அறுபடின் உதறல் மறையும். மூளையிலிருந்து இறங்கும் பாதை பழுதுறின் காலப்போக்கில் அது மிகைப்படும். நலமுடையோர் சிலரிடத்தும் உதறல் மங்கியிருக்குமாதலின், மருத்துவர் இரு கால்களையும் ஒப்பிட்டே முடிவு கூறுவர். தெறிவினையைத் தோற்றுவிப்பது முண்ணாண். அதனை அளவினுள் நிறுத்துவது மூளை. இவ்விரண்டின் நலத்தையும் ஒரு சிறு சுத்தியல் உணர்த்திவிடுகின்றது.