சரிவில் அடிக்கும் முளையும் பத்து பேர்ச்சஸ் காணியும்

எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் தோட்டக் காணியை வீட்டுத் துண்டுகளாகப் பிரிக்கும்போது, சம இடைவெளியில் முளைகளை அடிப்பதே முதல் வேலையாகும். சங்கிலியும் நாடாவும் செய்துவந்த இவ்வேலையைச் செய்ய இன்று செய்மதி அளவைக் கருவியும் வந்துவிட்டது. அதனால் குடியிருப்பாளருக்கு என்ன பயன்?

மலையக மக்களின் காணியுரிமைப் பேச்சு ஏழு பேர்ச்சஸில் தொடங்கிப் பின்னர் பத்து பேர்ச்சஸுக்கு வந்தது. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். பத்து எனில் ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆனால் காணி உறுதியிலும் வரைபடத்திலும் குறிக்கப்படும் பரப்பு, மலைச்சரிவின் பரப்பன்று. மேலிருந்து பார்த்தால் தெரியும் கிடைத்தளப் பரப்பேயாகும். பலர் கவனிக்கத் தவறுவது இதனைத்தான்.

30 பாகைச் சரிவில் நாடாவைத் தரையோடு இழுத்து 20 மீற்றர் அளந்தால், கிடைத்தூரம் 17.3 மீற்றர் மட்டுமே. அவ்வாறே 253 சதுர மீற்றரையும் தரையோடு அளந்து கொடுத்தால், வரைபடக் கணக்கில் கிடைப்பது சுமார் 219 சதுர மீற்றர். அதாவது, பத்து பேர்ச்சஸில் ஒன்றேகால் பேர்ச்சுக்கும் மேல் காணாமற் போய்விடுகிறது. தேயிலைக் கன்றுக்குக் கயிறு பிடித்துக் குச்சி அடிக்கையில் இவ்வேறுபாட்டால் பெரிய நட்டமில்லை. வீட்டுக் காணியில் அப்படியன்று. தேர்ந்த அளவையாளர் நாடாவைக் கிடையாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாகவே சரிவில் இறங்குவார். அவசரத்தில் அளப்பவர்களே தரையோடு இழுப்பவர்கள்.

செய்மதிக் கருவி இச்சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. இலங்கையின் 1999ஆம் ஆண்டு அளவைச் சட்டகம் பிதுருதலாகலை உச்சியைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டது. ஒவ்வொரு முளைக்குமுரிய கிழக்கு, வடக்குத் தூரங்கள் அச்சட்டகத்தில் முன்னரே கணிக்கப்பட்டுக் கருவியில் ஏற்றப்படுகின்றன. அறிந்த புள்ளியொன்றில் நிலையாக நிற்கும் கருவி திருத்தங்களை அனுப்ப, கம்பில் பொருத்திய மற்றொரு கருவி 'இன்னும் அரை மீற்றர் கிழக்கே' என வழிகாட்டும். வானம் திறந்திருப்பின் பிழை இரண்டொரு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். கையடக்கத் தொலைபேசி காட்டும் இடமோ சில மீற்றர் தவறலாம்; அதைக்கொண்டு எல்லை பேசுவது வீண் சண்டைக்கே வழி.

இன்னொரு நன்மையும் உண்டு. முளைக்கு முளை நாடா பிடிக்கையில் ஒவ்வொரு முறையும் இரண்டு சென்ரிமீற்றர் ஒரே பக்கமாகத் தவறினால், ஐம்பதாவது முளையில் அது ஒரு மீற்றராகிவிடும். கடைசி வீட்டுக்காரரே அதனைச் சுமக்க வேண்டியவர். செய்மதி முறையில் ஒவ்வொரு முளையும் தனித்தனியே நிறுவப்படுவதால் பிழை சேர்ந்து வளர்வதில்லை.

எனினும் எல்லவின் செங்குத்துப் பாறைகளும் அடர்ந்த மரங்களும் செய்மதிச் சமிக்ஞைகளை மறைக்கும். பாறையில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை கருவியையே ஏமாற்றும். அவ்விடங்களில் பழைய கருவிகளுக்கே திரும்ப வேண்டும். தவிர, துல்லியமான முளை பாதுகாப்பான நிலத்தைக் குறிப்பதாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்ததை ஊவா மறக்கவில்லை. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெற்ற பின்னரே முளைக்கு இடம் தேட வேண்டும்.

வெலிமடையில் வாரிசுகள் பங்கிடும் மரக்கறித் தோட்டத்துக்கும் இக்கணக்கே பொருந்தும். முளை அடிக்கும் நாளில் உரியவர்கள் அங்கு நிற்பது நல்லது. செவ்வகத் துண்டாயின், நாடாவைக் கிடையாகப் பிடித்து இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்கலாம். அவை ஒன்றுக்கொன்று ஒவ்வாவிடின், அளவையாளர் அங்கிருந்து புறப்படுமுன்னரே கேட்டுவிட வேண்டும்.