சோதனைகளைச் சீர்செய்யும் கருவிகளும் 'மதுரை' என்ற சொல்லும்

'மதுரை' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் இருப்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் யூனிகோடு முறையில் அச்சொல் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என 5 குறியீடுகளாகப் பதியப்படுவதால், பைத்தான் மொழியில் நீளம் காணும் கட்டளை 5 என்றே விடை தருகிறது. இதனால், தன்னார்வலர்கள் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பில், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் செயற்கூறு ஒன்று சேர்க்கப்பட்டது. இத்தகைய செயற்கூறு ஒன்றைத் தனியே இயக்கி, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பார்க்கும் சிறு நிரலே அலகுச் சோதனை எனப்படும்.

சோதனையும் ஒரு நிரலே என்பதால் அதுவும் காலப்போக்கில் சிக்கலாகிறது. அத்தகைய குறைகளை நெதர்லாந்தைச் சேர்ந்த ஆரி வான் டியூர்சன் முதலியோர் 2001இல் தனியே வகைப்படுத்தினர். அவற்றுள் சிலவற்றைத் தானியங்கி மறுசீரமைப்புக் கருவிகள் நீக்குகின்றன; மறுசீரமைப்பு என்பது நிரலின் செயலை மாற்றாமல் அதன் அமைப்பை மட்டும் திருத்துவதாகும். கருவி நிரலை இலக்கண உறுப்புகளாகப் பகுத்து, தொடரியல் மரம் என்னும் கிளைவடிவமாக்கி, வேண்டிய கிளையை மட்டும் மாற்றுகிறது. எடுத்துக்காட்டாக, 'மதுரை' என்ற சொல்லுக்கு 'விடை 3க்குச் சமம் என்பது உண்மையா' என்று 'அசெர்ட்ட்ரூ' கட்டளையால் எழுதிய சோதனை, தவறும்போது 'உண்மையன்று' என்று மட்டுமே சொல்லும். கருவி அதனை 'அசெர்ட்ஈக்வல்' ஆக்கினால், வந்த விடை 5 என்பதும் வரவேண்டியது 3 என்பதும் சேர்ந்தே தெரியும். 2023இல் வெளிவந்த பைத்தான் 3.12 பதிப்பு, 'அசெர்ட்ஈக்வல்ஸ்' முதலிய பழைய பெயர்களை அறவே நீக்கியபோது, அவற்றை மாற்றும் வேலைக்கும் இக்கருவிகளே ஏற்றவையாயின.

எனினும் கருவியின் எல்லை மறுசீரமைப்பின் வரையறையிலேயே அடங்கியிருக்கிறது. 'அசெர்ட்ட்ரூ'வுக்குள் எழுத்து எண்ணிக்கையையும் 3 என்பதையும் காற்புள்ளியிட்டு எழுதிவிட்டால், பைத்தான் இரண்டாவதை வெறும் செய்தியாகவே கொள்ளும். எண்ணிக்கை சுழியமல்லாத வரை, அது 5 ஆனாலும் 50 ஆனாலும் சோதனை வெற்றி பெறும். செயலை மாற்றாமையே கருவியின் கடமையாதலால், அது இப்பிழையையும் அப்படியே காப்பாற்றும். மறுசீரமைத்த பின், செயற்கூற்றில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி, சோதனை தோற்கிறதா என்று பார்ப்பதே இதற்குத் தக்க வழி. இதனைத் தானே செய்யும் முறைக்குத் திரிபுச் சோதனை என்று பெயர்.

ஆயினும், 'மதுரை'க்கு எதிர்பார்க்கும் விடை 3 என்று விதிப்பதற்குத் தமிழறிந்த மனிதரே வேண்டும். மதுரைப் பகுதியின் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் மென்பொருள் பணியாற்றுவோரும் மதுரைப் பொறியியல் மாணவர்களும் இத்தகைய தமிழ் நிரல்தொகுப்புகளின் சோதனைகளைப் படித்துத் திருத்த முன்வர வேண்டும்.